வீட்டு லேண்ட்லைனுக்குக் குறைந்த செலவில் வயர்லெஸ் ஹெட்செட்: வாங்குவது முதல் பேசுவது வரை

லேண்ட்லைன் ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு அரை மணி நேரம் பேசிப் பாருங்கள், மறுநாள் காலையில் கழுத்து திரும்பாது. வீட்டிலிருந்தே வாடிக்கையாளர்களிடம் பேசும் இன்சூரன்ஸ் ஏஜென்ட், மொபைல் சிக்னல் சரியாக எட்டாத வீட்டில் இருப்பவர், மூட்டு வலியால் ரிசீவரை நெடுநேரம் பிடிக்க முடியாத பெரியவர் என்று லேண்ட்லைனை விடாதவர்கள் இன்னும் இருக்கத்தான் செய்கிறார்கள். இவர்கள் கடைக்குப் போய் "லேண்ட்லைனுக்கு ப்ளூடூத் ஹெட்செட் இருக்கா?" என்று கேட்டால், கடைக்காரர் உதட்டைப் பிதுக்குவார். இல்லையென்றால் வேலைக்கு ஆகாத எதையாவது தலையில் கட்டிவிடுவார்.

அதனால் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயர்லெஸ் வசதி ஹெட்செட்டில் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, போனில் இருந்தாலே போதும். ஹெட்செட் ஜாக் உள்ள ஒரு கார்ட்லெஸ் போன் வாங்குங்கள். அதில் சொருக ஒரு சாதாரண வயர் ஹெட்செட் வாங்குங்கள். ஹேண்ட்செட்டை இடுப்பில் மாட்டிக்கொண்டு அல்லது சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சமையலறை, மாடி, வாசல் என்று எங்கே வேண்டுமானாலும் பேசிக்கொண்டே போகலாம். காதிலிருந்து இடுப்பு வரை ஒரு வயர் இருக்கும், அவ்வளவுதான். முழுக்க வயரே இல்லாத ஹெட்செட்டுக்கு ஆகும் செலவில் சிறு பங்கில் இது முடிந்துவிடும்.

விலை குறைந்த ஹெட்செட் என்றால் குரல் மோசமாக இருக்குமோ என்ற கவலையும் வேண்டாம். லேண்ட்லைனில் போகும் குரல் ஏறக்குறைய 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான். பாட்டுக் கேட்க வாங்கும் விலை உயர்ந்த ஹெட்போனை அதில் மாட்டினாலும் வருவது அதே தொலைபேசிக் குரல்தான். பணத்தைப் போட வேண்டிய இடம் கார்ட்லெஸ் போன். ஹெட்செட்டில் பார்க்க வேண்டியது காது வலிக்காத பஞ்சும், வாய்ப்பக்கம் வளைத்து வைக்க வசதியான மைக்கும் மட்டுமே.

முதலில், வீட்டுக்கு வருவது எந்த லைன்?

பழைய செம்புக் கம்பி லைனா, ஃபைபரா என்பதைப் பொறுத்து இணைப்பு மாறும். சுவரில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி, லைன்மேன்கள் ரொசெட் என்று சொல்வது, அதிலிருந்து நேராகப் போனுக்கு வயர் போனால் அது செம்புக் கம்பி. வை-ஃபை பெட்டியின் பின்னாலிருந்து போனுக்கு வயர் போனால் ஃபைபர்.

செம்புக் கம்பியில் எக்ஸ்சேஞ்சிலிருந்தே சுமார் 48 வோல்ட் மின்சாரம் வருகிறது. சாதாரண போன் கரண்ட் இல்லாதபோதும் வேலை செய்வது இதனால்தான். மணி அடிக்கும்போது அதே கம்பியில் 75 வோல்ட்டை ஒட்டிய மாறுதிசை மின்சாரம் ஏறும். ரொசெட்டைத் திறந்து கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது யாராவது கூப்பிட்டால் கை சுள்ளென்று இழுக்கும். திறந்துதான் ஆக வேண்டும் என்றால் காய்ந்த கையோடு, வெறுங்கம்பியில் விரல் படாமல் வேலை பாருங்கள்.

அதே செம்புக் கம்பியில் பிராட்பேண்டும் வருகிறதென்றால் நடுவில் ஒரு ஸ்பிளிட்டர் இருக்கும். அதில் லைன், மோடம், போன் என்று மூன்று வாய்கள். கார்ட்லெஸ் போன் கட்டாயம் 'போன்' என்ற வாயில்தான் போக வேண்டும். ஸ்பிளிட்டரைத் தாண்டி நேராக ரொசெட்டில் மாட்டினால் பேசும்போது இரைச்சல் கேட்கும், இன்டர்நெட்டும் அறுந்து அறுந்து வரும்.

ஃபைபர் என்றால் அந்தப் பெட்டியின் பின்பக்கம் 'டெல்', 'போன்', 'பாட்ஸ்' என்ற பெயர்களில் ஒன்றை அச்சிட்ட சின்ன வாய் இருக்கும். லேன் கேபிள் போகும் வாயைவிட அது குறுகலானது. கார்ட்லெஸ் போனின் வயர் அதில் போகும். சிலர் வீடு முழுக்க ஏற்கெனவே ஓடும் பழைய போன் வயரிங்கை ஃபைபர் பெட்டியோடு இணைத்து எல்லா அறையிலும் போன் வைத்திருப்பார்கள். அது நல்ல யோசனைதான். ஆனால் வெளியிலிருந்து வரும் பழைய செம்புக் கம்பியை வீட்டு வயரிங்கிலிருந்து முழுசாகத் துண்டித்த பிறகே இதைச் செய்ய வேண்டும். இரண்டும் மோதினால் பெட்டி பழுதாகலாம்.

கார்ட்லெஸ் போனைத் தேர்வு செய்வது

சாதாரண கார்ட்லெஸ் போன்கள் 2,000 ரூபாயிலிருந்து 3,500 ரூபாய்க்குள் கிடைக்கும். பானாசோனிக், பீட்டல், கிகாசெட் ஆகிய மூன்றும்தான் நம் ஊர்க் கடைகளில் அதிகம் கண்ணில் படும் பெயர்கள். எந்தக் கம்பெனி என்பதைவிட முக்கியம், ஹேண்ட்செட்டில் ஹெட்செட் ஜாக் இருக்கிறதா என்பது. அது எல்லா மாடலிலும் இருப்பதில்லை. ஒரே கம்பெனியின் ஒரே வரிசையில்கூட ஒன்றில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. ஹேண்ட்செட்டின் பக்கவாட்டில், பெரும்பாலும் ஒரு சின்ன ரப்பர் மூடிக்குக் கீழே, ஒரு துளை இருக்கும். பக்கத்தில் ஹெட்போன் படம் போட்டிருக்கும். ஆன்லைனில் வாங்குகிறவர்கள் விளம்பர வரிகளை நம்பாமல் அந்த மாடலின் கையேட்டைத் தேடித் திறந்து, ஹேண்ட்செட்டின் பாகங்களைக் காட்டும் படத்தில் ஜாக் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவுக்குப் போய்க் கையில் எடுத்துப் பார்த்தே வாங்கலாம்.

ஸ்பீக்கர்போன் வசதியை ஹெட்செட் வசதி என்று நினைத்துவிட வேண்டாம். பெட்டியில் 'ஹேண்ட்ஸ் ஃப்ரீ' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் ஸ்பீக்கரைத்தான் சொல்கிறார்கள்.

அடுத்து அலைவரிசை. டெக்ட் வகைக் கார்ட்லெஸ் 1.8 கிகாஹெர்ட்ஸை ஒட்டி வேலை செய்யும். இன்னொரு வகை 2.4 கிகாஹெர்ட்ஸ். வை-ஃபை, மைக்ரோவேவ் அடுப்பு, ப்ளூடூத் எல்லாம் குடியிருப்பது இந்த 2.4-இல்தான். வீட்டில் வை-ஃபை இருந்தால் டெக்ட் வாங்குவது நிம்மதி. கையில் இருப்பது 2.4 என்றாலும் தூக்கிப் போட வேண்டாம், ரூட்டரிலிருந்து தள்ளி வைத்துச் சமாளிக்கலாம். டெக்ட் போனுக்கு வீட்டுக்குள் 50 மீட்டர் என்று பெட்டியில் எழுதியிருப்பார்கள். செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் உள்ள நம் வீடுகளில் அதில் பாதி கிடைத்தால்கூட மாடியும் கீழும் பேசப் போதும்.

அமெரிக்காவில் இருக்கும் மகனோ மகளோ அங்கிருந்து டெக்ட் 6.0 என்று அச்சிட்ட கார்ட்லெஸ் போனைக் கொண்டுவந்து கொடுத்திருந்தால், ஆசையாகக் கொடுத்ததே என்று அதை இங்கே மாட்டாதீர்கள். அது 1,920 முதல் 1,930 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும். இங்கே அந்த இடம் மொபைல் போன்கள் டவரோடு பேசும் அலைவரிசைக்குள் வருகிறது. அக்கம்பக்கத்து மொபைல் சேவைக்கு இடைஞ்சல். தவிர, அதன் அடாப்டரும் பெரும்பாலும் 110 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் சொருகினால் புகைதான் வரும்.

ஹெட்செட்டும் அதன் பின்னும்

இங்கேதான் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள். கார்ட்லெஸ் ஹேண்ட்செட்டில் இருக்கும் ஜாக் பெரும்பாலும் 2.5 மில்லிமீட்டர். மொபைல் ஹெட்செட்டின் பின் 3.5 மில்லிமீட்டர், ஆகவே உள்ளே போகாது. உடனே கடையில் பத்து இருபது ரூபாய்க்கு ஒரு கன்வெர்ட்டர் கொடுப்பார்கள். சொருகினால் எதிராளி பேசுவது கேட்கும், நாம் பேசுவது அவருக்குப் போகாது.

காரணத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். மொபைல் ஹெட்செட்டின் பின்னை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உலோகத்தின் குறுக்கே மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கும். அதாவது நான்கு தனித்தனித் தொடுமுனைகள்: இடது காது, வலது காது, பொது, மைக். போன் ஹெட்செட்டின் 2.5 பின்னில் இரண்டே வளையங்கள், மூன்று தொடுமுனைகள்: ஒரு காது, ஒரு மைக், பொது. அளவை மட்டும் மாற்றும் சாதாரண கன்வெர்ட்டர் மைக்கைச் சரியான முனைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்காது. வயர் வரிசையையும் மாற்றித் தரும் அடாப்டர்கள் இருக்கின்றன, ஆனால் அதைத் தேடி அலைவதைவிட 'டெலிபோன் ஹெட்செட், 2.5 எம்எம்' என்று கேட்டே வாங்கிவிடுவது சுலபம். கால் சென்டர்களுக்கு விற்கும் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்.

அங்கேயும் ஒரு குழப்பம் காத்திருக்கும். கால் சென்டர் ஹெட்செட்களில் பல, ரிசீவரின் சுருள் வயர் முனையில் இருப்பதுபோன்ற சின்னச் சதுர பிளாஸ்டிக் பிளக்கோடு வரும். அதற்கு ஆர்ஜே 9 என்று பெயர். மேஜை போனுக்கு அது சரி, கார்ட்லெஸ்ஸுக்கு ஆகாது. இன்னொரு வகை யூஎஸ்பி முனையோடு கம்ப்யூட்டருக்கென்றே வருவது. முனையைப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

ஒற்றைக் காது ஹெட்செட்டே வீட்டுக்கு நல்லது என்பது என் எண்ணம். இரண்டு காதையும் அடைத்துக்கொண்டால் குக்கர் விசில் எத்தனை வந்தது என்று யார் எண்ணுவது? காலிங் பெல்லும் கேட்காது. சுற்றிலும் சத்தம் அதிகமுள்ள வீடு, அல்லது காது கொஞ்சம் மந்தமானவர் என்றால் மட்டும் இரட்டைக் காது.

மாட்டுவது, படிப்படியாக

முதல் வேலை பேட்டரி. பெரும்பாலான கார்ட்லெஸ் ஹேண்ட்செட்களில் இரண்டு ட்ரிபிள்-ஏ அளவு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் பேட்டரிகள் பெட்டியிலேயே வரும். பிளஸ் மைனஸ் பார்த்துப் போட்டு, ஹேண்ட்செட்டை பேஸில், அதாவது லைன் வயரும் அடாப்டரும் மாட்டும் அடிப்பெட்டியில், வைத்துக் கையேடு சொல்லும் நேரம் முழுக்கச் சார்ஜ் ஏற விடுங்கள். பல மாடல்களில் அது 7 மணி நேரம். இரவில் வைத்துவிட்டுப் படுத்தால் காலையில் தயாராக இருக்கும். ரிமோட்டுக்குப் போடும் சாதாரண பேட்டரியை அவசரத்துக்குக்கூட இதில் போடக் கூடாது. அது சார்ஜ் ஏற்றுவதற்காகச் செய்யப்பட்டதல்ல; கசியும், சில சமயம் வெடிக்கவும் செய்யும்.

அதற்குள் பேஸுக்கு இடம் பார்த்துவிடுங்கள். வீட்டின் நடுப்பகுதியில், தரையிலிருந்து கொஞ்சம் உயரத்தில், அலமாரித் தட்டோ ஷோகேஸின் மேல்தட்டோ சரியாக இருக்கும். ஸ்டீல் பீரோவின் மேல் வேண்டாம், பீரோவுக்குப் பின்னாலும் வேண்டாம். அந்தத் தகடு அலையை அப்படியே மறைத்துவிடும். ஃபிரிட்ஜ், டிவி, மைக்ரோவேவ் பக்கமும் வேண்டாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் வகை என்றால் வை-ஃபை ரூட்டரிலிருந்து குறைந்தது இரண்டு மீட்டராவது தள்ளி வையுங்கள். ஃபைபர் பெட்டியே ரூட்டராகவும் இருக்கும் வீடுகளில் போன் வயர் குட்டையாக இருந்து பேஸ் அதை ஒட்டியே உட்கார்ந்துவிடும். நீளமான போன் வயர் ஒன்று வாங்கினால் அந்தப் பிரச்சினை தீரும்.

இப்போது வயரை மாட்டுங்கள். லைன் வயரின் பிளக் ஆர்ஜே 11 வகை, 'டிக்' என்று சத்தம் கேட்கும்வரை உள்ளே போக வேண்டும். அந்தச் சத்தம் வராமல் விட்டால் ஆளாளுக்குப் பேஸை நகர்த்தும்போது கழன்றுகொண்டே இருக்கும். அடாப்டர் வயரை பேஸின் அடியில் உள்ள கொக்கியில் சுற்றி மாட்டச் சொல்லிப் படம் இருக்கும். அதைச் செய்யுங்கள், இழுபடாது.

சார்ஜ் ஏறியதும் ஹெட்செட்டை மாட்டாமல் முதலில் ஹேண்ட்செட்டை மட்டும் சோதியுங்கள். டாக் பொத்தானை அழுத்தி டயல் டோன் கேட்கிறதா, ஒரு நம்பரைப் போட்டால் போகிறதா, வெளியிலிருந்து கூப்பிட்டால் மணி அடிக்கிறதா, மூன்றையும் பாருங்கள். டயல் டோன் இருந்தும் நம்பர் போகவில்லை என்றால் மெனுவில் டயல் முறை 'பல்ஸ்' என்று இருக்கும், 'டோன்' என்று மாற்றுங்கள். இந்தச் சோதனையைத் தாண்டிய பிறகு ஹெட்செட்டை மாட்டினால்தான், பின்னால் ஏதாவது கோளாறு வந்தால் அது லைனிலா, போனிலா, ஹெட்செட்டிலா என்று பிரித்துப் பார்க்க முடியும்.

போன்புக்கில் நம்பர்களைச் சேமிக்கும்போது மொபைல் நம்பர்களுக்கு முன்னால் 0 சேர்த்தே போடுங்கள். 2021 ஜனவரி 15 முதல் இந்தியாவில் லேண்ட்லைனிலிருந்து எந்த மொபைலுக்குப் பேசினாலும் 0 போட்டாக வேண்டும். பழைய போனிலிருந்து பார்த்து எழுதுகிறவர்கள் இதில்தான் கோட்டை விடுவார்கள்.

இப்போது ஹெட்செட். ஜாக்கின் ரப்பர் மூடியை நகத்தால் விலக்கிப் பின்னைச் சொருகுங்கள். கடைசி ஒரு மில்லிமீட்டர் இறுக்கமாக இருக்கும், அதையும் அழுத்தி உள்ளே தள்ள வேண்டும். பாதி நுழைந்து நின்றால் ஒரு பக்கக் குரல் மட்டும் போகும், அல்லது கொரகொரக்கும். முழுசாக உட்கார்ந்துவிட்டால் ஹேண்ட்செட்டின் சொந்த ஸ்பீக்கரும் மைக்கும் ஓய்ந்து எல்லாம் ஹெட்செட்டுக்கு மாறும். மணி மட்டும் வழக்கம்போல் பேஸிலும் ஹேண்ட்செட்டிலும் அடிக்கும்.

மைக்கை வாய்க்கு நேர் எதிரே வைக்காதீர்கள், மூச்சுக் காற்று பட்டு எதிராளிக்குப் புயல் அடிப்பதுபோல் கேட்கும். உதட்டு ஓரத்திலிருந்து இரண்டு விரல் இடைவெளியில், கன்னத்தை ஒட்டினாற்போல் வளைத்து வையுங்கள். அப்புறம் வீட்டில் ஒருவரையோ நண்பரையோ கூப்பிட்டு, நடந்துகொண்டே பேசிப் பாருங்கள். சமையலறையில் குரல் விட்டு விட்டு வந்தால் பேஸை ஓரிரு அடி நகர்த்திப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். உங்கள் குரலே உங்கள் காதில் பெரிதாகத் திரும்பி ஒலித்தால் ஹேண்ட்செட்டின் ஒலியளவை ஒன்றிரண்டு படி குறையுங்கள்.

இன்னும் இரண்டு அமைப்புகளை மெனுவில் தேடிப் பாருங்கள். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அழைப்பை எடுக்கும் வசதி சில மாடல்களில் உண்டு. ஹேண்ட்செட் பையில் இருக்கும்போது பார்க்காமலே தடவி எடுக்க இது கைகொடுக்கும். மற்றது கீ லாக். பையில் உரசி ஏதாவது நம்பர் தானாகப் போகாமல் இருக்க அது வேண்டும். இடுப்பில் மாட்டும் கிளிப் பெட்டியில் வரவில்லை என்றால் மொபைலுக்கு விற்கும் பெல்ட் பவுச்சே போதும். புடவையோ நைட்டியோ உடுத்தும் வீட்டுப் பெரியவர்களுக்குக் கழுத்தில் தொங்கவிடும் நாடா வைத்த சின்னப் பை இன்னும் வசதி.

இவற்றை வாங்காதீர்கள்

டிவிக்கு ப்ளூடூத் வசதி தரும் சின்ன டிரான்ஸ்மிட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதைப் போனோடு இணைத்தால் ப்ளூடூத் ஹெட்செட்டில் பேசலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது பாட்டை ஒரு திசையில் அனுப்புவதற்கானது. உங்கள் மைக்கின் குரலைத் திரும்பக் கொண்டுவராது. பேச்சுக்கு இரு திசையும் வேண்டும், அதற்கான ப்ளூடூத் முறையே வேறு.

வெளிநாட்டுத் தளங்களில் 'லேண்ட்லைன் ப்ளூடூத் கேட்வே' என்று சில பெட்டிகள் வரும். எக்ஸ்லிங்க் அதில் பிரபலமானது. நல்ல கருவிதான், ஆனால் பெரும்பாலும் அது செய்யும் வேலை நேர் எதிரானது. மொபைலுக்கு வரும் அழைப்பை வீட்டுப் போனில் எடுக்க உதவுவது அது. கார்ட்லெஸ் போன்களில் 'லிங்க் டு செல்' என்று வருவதும் இதே வேலைக்குத்தான். அந்த ப்ளூடூத்தில் ஹெட்செட்டையும் சேர்க்க முடியும் என்று கையேட்டில் தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் நம்புங்கள். கிகாசெட்டின் எஸ்எல் 450 போன்ற மேல்தட்டு மாடல்களில் ஹேண்ட்செட்டிலேயே ஹெட்செட்டுக்கான ப்ளூடூத் உண்டு. கிடைத்து, விலையும் கட்டுப்படியானால் தாராளமாக வாங்கலாம்.

மேஜை போன்தான் வேண்டும் என்றால்

இருக்கிற மேஜை போனை மாற்ற மனசில்லை, வயரே இல்லாத ஹெட்செட்தான் வேண்டும் என்பவர்களுக்கு அலுவலக வகை டெக்ட் ஹெட்செட்கள் இருக்கின்றன. பிளான்ட்ரானிக்ஸ் சிஎஸ் 540, ஜாப்ரா ப்ரோ 920 போன்றவை. புதிதாக வாங்கினால் ஐந்து இலக்க விலை. ஆனால் அலுவலகங்கள் கம்ப்யூட்டர் அழைப்புக்கு மாறிய பிறகு இவை பழைய சரக்காகக் குறைந்த விலைக்கு வெளியே வருகின்றன. பிளான்ட்ரானிக்ஸ் 2019-இல் பாலி என்று பெயர் மாறி, 2022-இல் ஹெச்பியின் கைக்குப் போனது. ஆகவே அதே ரகக் கருவி மூன்று பெயர்களில் கண்ணில் படலாம்.

பழையதை வாங்கும்போது ஹெட்செட், அதன் பேஸ், பேஸின் அடாப்டர், போனோடு இணைக்கும் வயர், நான்கும் சேர்ந்து இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் மலிவு மலிவாக இருக்காது. காதுப் பஞ்சை மட்டும் புதிதாக மாற்றிவிடுங்கள். பேட்டரி தளர்ந்திருக்கும் என்று எதிர்பார்த்தே விலை பேசுங்கள்.

ஒரு நிபந்தனை: உங்கள் போனில் நம்பர் பொத்தான்கள் உடலில் இருக்க வேண்டும், ரிசீவரில் இருக்கக் கூடாது. சுவரில் மாட்டும் ஒல்லி போன்களில் பொத்தான்கள் ரிசீவருக்குள்ளேயே இருக்கும். அந்த வகையில் ரிசீவருக்குப் போகும் வயரில் வெறும் மைக், ஸ்பீக்கர் இணைப்பு மட்டும் இல்லை. அதனால் ஹெட்செட் வேலை செய்யாது.

சரி, இணைப்பது இப்படி. ரிசீவரின் சுருள் வயரைப் போனின் உடலிலிருந்து கழற்றுங்கள், ரிசீவர் பக்கம் அப்படியே இருக்கட்டும். ஹெட்செட் பேஸோடு வந்த வயரின் ஒரு முனையைச் சுருள் வயர் இருந்த இடத்தில் மாட்டுங்கள். கழற்றிய சுருள் வயரை அந்த வயரில் உள்ள இணைப்பிலோ பேஸிலோ, மாடலுக்கு ஏற்ப, சொருகுங்கள். இனி ரிசீவரும் வேலை செய்யும், ஹெட்செட்டும் வேலை செய்யும்.

அடுத்து பேஸில் ஏ முதல் ஜி வரை எழுத்துகள் போட்ட ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். சுருள் வயருக்குள் இருக்கும் நான்கு இழைகளில் எது மைக், எது ஸ்பீக்கர் என்பது எல்லாப் போனிலும் ஒன்றல்ல. அதைப் பொருத்துவது இந்த சுவிட்ச்தான். ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, ஹெட்செட்டின் பொத்தானை அழுத்தி, ஏ-யிலிருந்து ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். டயல் டோன் எந்த எழுத்தில் இரைச்சலில்லாமல் கணீரென்று கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள். இரண்டு இடங்களில் ஒரே மாதிரி கேட்டால் ஒரு நண்பரைக் கூப்பிட்டு இரண்டிலும் பேசிப் பார்த்து, அவருக்கு எது தெளிவோ அதை வையுங்கள்.

இந்த ஏற்பாட்டில் ஒரு தொல்லை உண்டு. ஒவ்வொரு அழைப்புக்கும் போன் பக்கம் போய் ரிசீவரை எடுத்து வைக்க வேண்டும். போனின் ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தினால் சத்தம் ஸ்பீக்கருக்குத்தான் போகும், ஹெட்செட்டுக்கு வராது. ரிசீவரைத் தானாகத் தூக்கும் லிஃப்டர் என்ற கை தனியாகக் கிடைக்கிறது, அதற்கும் காசு. அதனால்தான் வீட்டுக்குக் கார்ட்லெஸ் வழியே மேல் என்கிறேன். ஒரே நாற்காலியில் உட்கார்ந்து நாளெல்லாம் பேசுகிறவருக்கு வேண்டுமானால் இது பொருந்தும்.

ஃபைபர் வைத்திருப்பவர்களுக்குச் செலவே இல்லாத வழி

ஜியோ ஃபைபர் வீடுகளில் ஜியோஜாயின் என்ற செயலியை மொபைலில் போட்டு, வீட்டு வை-ஃபையில் இருந்தபடி அந்த லேண்ட்லைன் நம்பரிலேயே பேசலாம். பதிவு செய்த மொபைலுக்கு வரும் ஓடிபியைக் கொடுத்தால் இணைந்துவிடும். அப்புறம் மொபைலோடு ஏற்கெனவே ஜோடி சேர்த்திருக்கும் எந்த ப்ளூடூத் ஹெட்செட்டிலும் லேண்ட்லைன் அழைப்பைப் பேசலாம். ஸ்மார்ட்போன் பழகியவர்களுக்கு இதைவிடச் சுலபம் இல்லை. வீட்டுப் பெரியவருக்காகச் செய்கிறீர்கள் என்றால் மட்டும் யோசியுங்கள். செயலியை யாராவது தவறுதலாக மூடிவிட்டால் போன் ஏன் வரவில்லை என்று அவருக்குப் புரியாது.

மற்ற நிறுவன லைன்களில், வருகிற அழைப்புகளை மட்டும் ஹெட்செட்டில் எடுத்தால் போதும் என்றால் கால் ஃபார்வர்டிங் கேட்டு மொபைலுக்குத் திருப்பிவிடலாம். திருப்பிவிடும் அழைப்புக்குக் கட்டணம் உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கரண்ட் போனால்

கார்ட்லெஸ் பேஸுக்குக் கரண்ட் வேண்டும். கரண்ட் போனதும் ஹேண்ட்செட்டில் முழு சார்ஜ் இருந்தாலும் பேச முடியாது. செம்புக் கம்பி லைன் என்றால் ஒரு சாதாரண வயர் போனையும் இணையாக மாட்டி வையுங்கள், எக்ஸ்சேஞ்ச் மின்சாரத்திலேயே அது ஓடும். ஃபைபரில் அந்தச் சலுகை இல்லை. ஃபைபர் பெட்டி அணைந்தால் எந்தப் போனும் உயிரோடு இருக்காது. இன்வெர்ட்டர் இல்லாத வீடு என்றால் ரூட்டருக்கென்று விற்கும் சின்ன யூபிஎஸ் ஒன்றைப் பெட்டிக்குக் கொடுங்கள். பெரும்பாலான ஃபைபர் பெட்டிகள் 12 வோல்ட்டில் ஓடுபவை, ஆனாலும் அடாப்டரின் மேல் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் படித்துவிட்டே வாங்குங்கள். தனியாக இருக்கும் பெரியவர்களின் வீட்டில் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கோளாறு வந்தால்

கொரகொர சத்தம் என்றால் முதலில் ஹெட்செட்டைக் கழற்றி ஹேண்ட்செட்டில் கேளுங்கள். அதிலும் இருந்தால் ஒரு வயர் போனை நேராக ரொசெட்டில் (ஸ்பிளிட்டர் இருந்தால் அதன் 'போன்' வாயில், ஃபைபர் என்றால் பெட்டியின் போன் வாயில்) மாட்டிக் கேளுங்கள். அதிலும் இருந்தால் கோளாறு லைனில். மழைக்காலத்தில் ரொசெட்டுக்குள் ஈரம் இறங்கி முனைகளில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். லைன்மேனைக் கூப்பிடுவதுதான் வழி. வயர் போனில் சுத்தமாகக் கேட்டு கார்ட்லெஸ்ஸில் மட்டும் இரைந்தால் பேஸின் இடத்தை மாற்றுங்கள், அடாப்டர் வயரையும் லைன் வயரையும் ஒன்றாகச் சுருட்டி வைத்திருந்தால் பிரியுங்கள். 2.4 வகைக்கு இன்னொரு கை வைத்தியம்: மொபைல், டிவி எல்லாவற்றையும் வை-ஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் பெயரோடு இணைத்துவிட்டால் 2.4-இல் நெரிசல் குறையும்.

ஹேண்ட்செட்டில் நன்றாக இருந்து ஹெட்செட்டில் மட்டும் எதிராளிக்குக் கேட்கவில்லை என்றால் வயரில் மியூட் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். பாதிக்குப் பாதி அதுதான் காரணம். அதுவும் இல்லை என்றால் பின்னின் தொடுமுனைகளை உலர்ந்த துணியால் துடைத்து மறுபடி சொருகுங்கள். பின்னை விரலால் உருட்டும்போது குரல் வந்து போனால் உள்ளே இழை அறுந்திருக்கிறது. சில நூறு ரூபாய் ஹெட்செட்டைப் பிரித்துப் பற்றவைப்பதைவிட வேறு வாங்கிவிடலாம்.

பேச்சின் நடுவே 'பீப் பீப்' என்று வந்தால் சார்ஜ் குறைகிறது என்று அர்த்தம். முழு சார்ஜ் போட்டும் கொஞ்ச நேரத்திலேயே இது வர ஆரம்பித்தால் பேட்டரியின் ஆயுள் முடிந்துவிட்டது. ஒன்றை மட்டும் மாற்றாமல் இரண்டையும் ஒரே சமயத்தில், ஒரே கொள்ளளவில் மாற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கும்போது அடாப்டரையும் லைன் வயரையும் இரண்டையுமே கழற்றி வையுங்கள். செம்புக் கம்பி வழியாக வரும் மின்னல் அதிர்ச்சிக்குப் பேஸின் உள்ளே இருக்கும் சர்க்யூட் தாங்காது.